வீராசாமியின் ஐம்பத்தெட்டு கிலோ

சென்ற ஆண்டு மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணியிலிருந்து, ஸ்டாஃப் நர்ஸ் கமலவேணியின் எடை நூற்றேழு கிலோ. அன்று காலை வரை நாற்பத்தொன்பது. உடம்பு பெருக்கவில்லை, சீருடை இறுகவில்லை, பெல்ட் அதே துளையில்தான் நின்றது. கூடிய ஐம்பத்தெட்டு கிலோ, ஆண்கள் வார்டில் எட்டாம் கட்டிலில் இருந்த வீராசாமியுடையது. மூன்றேகாலுக்கு அவர் இறந்துபோனார். அவரைச் சேர்த்தபோது எடுத்த எடை கோப்பில் இருக்கிறது, ஐம்பத்தெட்டு. மலாக்கா மாநிலத்தில் எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே வேலை செய்பவர்களைத்தான் ஊர் வறுத்தெடுக்கும். அவர்கள் பட்டது போதும்.

நடந்தது இவ்வளவுதான். ஒன்பதாம் கட்டில் பாலகிருஷ்ணனுக்குப் பெனிசிலின் ஊசி. அவர் கழிவறைக்குப் போயிருந்தார். இருபத்தாறு நோயாளிகளுக்கு இரண்டே நர்சுகள் இருந்த மதியம் அது. கமலவேணி இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நின்று, "பாலகிருஷ்ணன் ஐயாங்களா?" என்று கேட்டாள். எட்டாம் கட்டிலில் படுத்திருந்த வீராசாமி எழுந்து உட்கார்ந்து, "ஆமாங்க" என்றார். அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த பெயர்ப்பட்டையைப் பார்க்காமல் அவள் ஊசியைப் போட்டாள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று அதில் சிவப்பாகவே எழுதியிருந்தது. டாக்டர்கள் நாற்பது நிமிடம் போராடினார்கள். நெஞ்சை அழுத்தியதில் கமலவேணியும் உண்டு. எல்லாம் முடிந்ததும் கை கழுவிக்கொண்டு, மிச்சமிருந்த நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து முடித்தாள். இறங்கும்போது, எப்போதும் ஏறுகிற அளவு ஆட்கள்தான் என்றாலும், லிஃப்ட் அலறியது. கூட்டிப்போக வந்த கணவன் குகனின் மோட்டார்சைக்கிள், மெர்லிமாவ் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு முறை பின்டயர் பஞ்சராகி நின்றது.

அவளுக்கு அழுகை வரவில்லை. அது வந்திருந்தால் தேவலை என்று குகன் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறான். சாப்பிட்டாள், குளித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். விரல்களுக்கு மட்டும் எதுவும் தெரியாமல் போயிற்று. சுடுதண்ணீரும் ஐஸும் ஒன்றாக இருந்தன. நோயாளியின் கையைப் பிடித்தால் நாடி அகப்படவில்லை. மருத்துவமனை தன்னால் ஆனதைச் செய்தது: பதினான்கு பக்க விசாரணைப் படிவம், விளக்கக் கடிதம், இரண்டு நாள் மறுபயிற்சி. பெயர்ப்பட்டை பார்ப்பது பற்றிய தேர்வில் கமலவேணி நூற்றுக்கு நூறு வாங்கினாள். எடை மெஷினை மூன்று முறை மாற்றினார்கள்; மூன்றும் நூற்றேழு காட்டின. நோயாளி ஏன் ஆமாம் என்றார் என்பதற்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். குடும்பத்தாரோடு பேசக் கூடாது என்று அவளிடம் வாய்மொழியாகச் சொன்னார்கள். பிறகு அவளைக் கோப்பு அறையில் உட்கார வைத்தார்கள். பதினோரு வருட நர்ஸ் வேலையை விடுவதாக அவள் கடிதம் எழுதியது அங்கேதான்.

அந்தக் கடிதம் வார்டு சிஸ்டர் நிர்மலாதேவியின் கைக்குப் போனது. அவர் அதைப் பிரிக்கவே இல்லை. கமலவேணியைக் கூட்டிக்கொண்டு போய், எடை மெஷினில் தானே ஏறி நின்றார்.

"அறுபத்தஞ்சு காட்டுதா? இதுல மூணு கிலோ எங்கையில போன ஒரு பாப்பா, வேணி. பதினெட்டு வருஷமாச்சு. சாப்பிடாமக்கூட கெடந்து பாத்துட்டேன், எறங்கல லா. அப்ப எங்கிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல."

அதற்குப் பிறகு வாரா வாரம் வியாழக்கிழமை பத்து மணிக்கு இருவரும் பால் சேர்க்காத தேநீரான தே ஓ குடித்தபடி உட்கார்ந்தார்கள். இடையில் சிஸ்டர் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, வீராசாமியின் குடும்பத்தைப் பார்க்க அனுமதி வாங்கினார். மே மாதத்தில் ஒரு நாள், எடை மெஷினைக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு இருவரும் அவருடைய ஊரான லூபோக் சீனாவுக்குப் போனார்கள். வழி நெடுக, கமலவேணி உட்கார்ந்திருந்த பக்கம் கார் சாய்ந்தே ஓடியது.

வீராசாமியின் மனைவி முனியாயி கதவைத் திறந்தார். கமலவேணி உட்காரவில்லை.

"நாந்தாம்மா ஊசி போட்டது. பட்டையப் பாக்காம போட்டுட்டேன்."

முனியாயி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "யாரு பேரச் சொல்லிக் கூப்புட்ட?" என்று கேட்டார்.

"பக்கத்துக் கட்டில்காரரு பேர. அவரு கக்கூஸ் போயிருந்தாரு."

முனியாயி தலையில் கை வைத்துக்கொண்டார். வீராசாமி வேலை செய்த ரப்பர்த் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே கிராணி என்னும் கணக்குப்பிள்ளை ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். "பெரட்டுல கிராணி கூப்புடறப்போ பக்கத்து ஆளு வந்து சேரலன்னா இவரு ஆமாங்கன்னுடுவாரு. பாவம், அந்தாளுக்கு அன்னிக்குப் பேரு போனா கூலியும் போயிடும்ல. நாப்பது வருசப் பழக்கம்மா." விசாரணைக் குழு கண்டுபிடிக்காதது அந்தக் கூடத்தில் இரண்டு நிமிடத்தில் தெரிந்தது.

சிஸ்டர் மெஷினைக் கூடத்தில் வைத்து, கமலவேணியின் பழைய எடையைச் சொல்லி, அவளை ஏறச் சொன்னார். நூற்றேழு. முனியாயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மனக்கணக்காகக் கழித்து, "சரியாத்தான் இருக்கு" என்றார். வியப்பெல்லாம் இல்லை.

"எனக்குக் கோவம் இருக்கு, இருக்கத்தான் செய்யும். ஆனா நீ வூட்ல குந்திட்டா அவரும்ல ஒங்கூடச் சேந்து குந்திக்கிடுவாரு. ஒரு நாளு வேலைக்குப் போகாம இருந்ததில்ல அந்த மனுசன். கூட்டிட்டுப் போ."

திரும்பி வரும்போது அலோர் காஜா சந்திப்பில், சிவப்பு விளக்கில், கமலவேணி அழுதாள். விளக்கு மூன்று முறை பச்சையாகி மாறியது. பின்னால் நின்ற வண்டிகள் ஹார்ன் அடித்தன. சிஸ்டர் காரை எடுக்கவில்லை.

ஜூன் மாதம் அவள் வார்டுக்குத் திரும்பினாள். இரண்டாவது வாரம், எட்டாம் கட்டிலில் புதிதாக வந்திருந்தவரின் நாடி அவள் விரலுக்குத் தட்டுப்பட்டது. எடை குறையவில்லை. லிஃப்டில் ஏறுவோர் கமலவேணியை இரண்டு பேராக எண்ணிக்கொள்கிறார்கள். அதற்கு அறிவிப்பெல்லாம் ஒட்டவில்லை. மாதம் ஒரு முறை ஊழியர்களுக்கு அவளும் சிஸ்டரும் பயிற்சி நடத்துகிறார்கள். வருகிறவர்கள் முதலில் எடை பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு கிலோவோ எழுபது கிலோவோ கூடுதலாகக் காட்டினால் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. வியாழக்கிழமைத் தே ஓவுக்கு ஒரு குவளை கூடும், அவ்வளவுதான். பாடம் சின்னது: பெயரை நாம் சொல்லி நோயாளியைக் கேட்கக் கூடாது, அவரையே சொல்லச் சொல்ல வேண்டும், பிறகு பட்டையைப் பார்க்க வேண்டும்.

பாடத்துக்கு முன்னால் சிஸ்டர் வருகைப் பட்டியலை வாசிப்பார். வரிசையின் கடைசிப் பெயர் எல்லா மாதமும் வீராசாமி. கமலவேணி எழுந்து நின்று, "ஆமாங்க" என்பாள். சிஸ்டர் டிக் அடித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குவார்.