தோள் உயரத்து வளையம்

"அந்த ஆளைத் தலைமுழுகு" என்று அம்மா சொல்லக் கேட்டே மகள் வளர்ந்தாள். இரும்பில் அலங்கார கேட்டும் கிரில்லும் செய்கிற அப்பா கடல் கடந்து போனபோது அவளுக்கு மூன்று வயது. சில வருஷம் போன் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. கடைசியில் வந்தது சாவுச் செய்திதான், அதுவும் காரியமெல்லாம் முடிந்த பிறகு. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அப்பா தன்னை ஒரு நாளாவது நினைத்தாரா என்று கேட்கத்தான் அவர் வாழ்ந்த ஊருக்கு இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

கேட்க மிஞ்சியிருந்தவர் அப்பாவின் பட்டறைக் கூட்டாளி ஒருவர்தான். சம்மட்டிச் சத்தத்தில் காது போனவர். ரகசியத்தையும் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். பேப்பர் சரியில்லாமல் ஊர் போக முடியவில்லை, பிறகு எந்த முகத்தோடு பேசுவது என்று விட்டுவிட்டான் என்றார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. "வா, அவன் செஞ்ச கேட்டைப் பாரு" என்று வேனில் ஏற்றிக்கொண்டார்.

முதல் வீட்டு கேட்டில் கொடியும் இலையுமாக இரும்பு சுருண்டிருந்தது. நடுவே, சம்பந்தமே இல்லாமல், அவள் தொடை உயரத்தில் வளையல் அளவில் ஒரு வளையம்.

"சின்னதுல கேட்டைப் பிடிச்சுத் தொங்குவியாமே, கை வழுக்குமாம். உன் தோள் உசரத்துக்கு ஒரு பிடி வேணும்னான். வீட்டுக்காரங்க திட்டினாலும் விடமாட்டான். வருஷா வருஷம் ஏத்திக்கிட்டே போனான்."

அடுத்த தெருவில் வளையம் இடுப்புக்கு வந்தது. அதற்கடுத்த கேட்டில் நெஞ்சுக்கு. அவள் அம்மை போட்டுக் கிடந்த வருஷம், பள்ளிக்கூடம் மாறிய வருஷம், எதுவும் தெரியாமலே அந்த மனுஷன் மகளை வளர்த்திருக்கிறார். ஒவ்வொரு கேட்டிலும் அவள் சற்று நேரம் கூடுதலாக நின்றாள்.

கடைசி கேட்டில் வளையம் அவள் நெற்றிக்கு நேராக இருந்தது.

"அவன் நெட்டை. நீயும் அப்படித்தான் வளர்ந்திருப்பேன்னு நினைச்சுட்டான்," என்றார் கூட்டாளி, முதல் முறையாக மெதுவாக.

அவளோ அச்சு அசல் அம்மா, குள்ளம். ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் வராத ஏக்கம் இனித் தீரப்போவதில்லை. ஆனாலும் அப்பாவின் கணக்குப் பொய்யாகக் கூடாது என்று தோன்றியது. வளையத்தைப் பிடித்துக்கொண்டு, தோள் அதற்கு நேராக வரும்வரை கேட்டின் கீழ்க்கம்பியில் ஏறி நின்றாள்.