கேபிள் இல்லை என்ற பெட்டி

எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், சரியாயிடுச்சு" என்று யாராவது சொன்னால் வரும் கோபம் தனி ரகம். சரியாகவில்லை ஐயா, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வாக்கியத்தைத்தான் என் நாத்தனார் அன்று காலை போனில் சொன்னார்.

"உன் பெட்டி மறுபடியும் பொய் சொல்லுதும்மா. கேபிள் குத்தியிருக்கு, பச்சை லைட் ஜம்முனு எரியுது. இது என்னடான்னா கேபிளே இல்லைங்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், சரியாயிடுச்சு."

"நான் வர்றேன் அக்கா" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

நாத்தனார் என் கணவரின் அக்கா. நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். தனி ஆளாகக் கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறார். முட்டைகள் இருக்கும் இன்குபேட்டரில் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அந்தத் தொகுதியே போய்விடும் என்பதால், பல வருடமாக அவர் எங்கும் போனதில்லை. கல்யாணம், காட்சி எதுவானாலும் மொய்க் கவர்தான் போகும், அக்கா போகமாட்டார். அதனால்தான் எங்கள் கம்பெனிப் பெட்டியை நானே கொண்டுபோய் மாட்டினேன். அது சூட்டை அளந்து போனுக்கு அனுப்பும். பெட்டி பேசுவதை நிறுத்தினாலும் எங்கள் கம்பெனி சர்வரிலிருந்து போனில் சேதி வரும். "இனிமே நீங்க ஊரைச் சுத்தலாம்" என்று பெரிய மனுஷி மாதிரி வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்தப் பெட்டியில் ஓடும் டிரைவர் எங்கள் குழு எழுதியது. கேபிளில் உயிர் இருக்கிறதா இல்லையா என்று சிப்பிடம் கேட்டு மேலே சொல்லும் சின்ன நிரல். அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் நான் சோறு தின்கிறேன். அதில் போய்ப் பொய் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

பொரிப்பகத்தில் அக்கா இன்குபேட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்த தலையணையும் அங்கே குடிவந்திருந்தது. பெட்டியை நம்பி நகர முடியவில்லை என்று அதற்கு அர்த்தம். அறைக் கதவின் பின்னால் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பட்டுப் புடவை ஹேங்கரில் தொங்கியது. இஸ்திரிக் கடையிலிருந்து வந்தது போலிருக்கிறது, வீட்டுக்கு எடுத்துப்போகக்கூட நேரமில்லை பாவம் என்று நினைத்தேன்.

நடப்பது இதுதான். மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டினால், கேபிள் வழியாகப் பெட்டிக்கு இணையம் தரும் ரௌட்டர் அணைந்து மறுபடி எழும். பேட்டரி இருப்பதால் பெட்டி அசையாது. ஆனால் ரௌட்டர் எழுந்து, பச்சை விளக்கும் எரிந்த பிறகு, பெட்டி மட்டும் "கேபிள் இல்லை" என்று பிடிவாதம் பிடிக்கும். பேச்சை நிறுத்திவிடும். அக்காவின் போன் அலறும்.

லேப்டாப்பை மாட்டி, சிப்பை வேவு பார்க்கும் சோதனை நிரலை ஓடவிட்டு, கேபிளைப் பிடுங்கினேன். "இல்லை" என்றது. குத்தினேன். "இருக்கிறது" என்றது. பிடுங்கினேன், குத்தினேன், விரல் வலிக்கும்வரை செய்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"நீ வந்தா மட்டும் நல்ல பிள்ளையா இருக்குது பாரு" என்று அக்கா சிரித்தார். "பேசாம நீயே இங்க தங்கிடு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை அக்காவின் மகள் முதல்முறையாகப் பெரிய மேடையில் பாடுகிறாள். வெளியூரில் தங்கி வருடக்கணக்கில் கற்ற பாட்டு. அம்மா வந்து கேட்கவேண்டும் என்பது அவள் ஆசை. போன வாரமே நான் அக்காவைக் கூப்பிட்டிருந்தேன். "வேணாம்மா, நீங்க போயிட்டு வாங்க. முட்டையை யாரு பாக்கறது?" என்றுவிட்டார். பெட்டி ஒழுங்காக இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று எனக்கு ஆத்திரம்.

ஆபீஸில் துடைப்பத்திடம் சொன்னேன். துடைப்பம் என்பது என் சக பொறியாளரின் பட்டப்பெயர். நிரலில் தேவையில்லாத ஒரு வரி கிடந்தாலும் அவனுக்குத் தூக்கம் வராது, பெருக்கித் தள்ளிவிடுவான். எங்கள் குழுவின் நிரல் கண்ணாடி மாதிரி இருப்பதற்கு அவன்தான் காரணம். அவனும் பட்டறை மேசையில் இருந்த பெட்டியில் சோதனை லேப்டாப்பை மாட்டிவிட்டுப் பிடுங்கினான், குத்தினான். அங்கேயும் எல்லாம் ஒழுங்கு.

"உங்க நாத்தனார் வீட்ல எலி கிலி கேபிளைக் கடிக்குதோ என்னவோ" என்றான்.

"எலி கடிச்சா பச்சை லைட் எரியுமா? வாயில வந்ததைப் பேசாதே."

சண்டை முற்றும் நேரத்தில் சோதனை லேப்டாப் சார்ஜ் இல்லாமல் அணைந்தது. நான் கோபத்தில் கேபிளை இன்னொரு தடவை பிடுங்கிக் குத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. பெட்டியின் திரையில் "கேபிள் இல்லை" என்று வந்து நின்றது, நகரவேயில்லை.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சார்ஜரை மாட்டி லேப்டாப்பை எழுப்பினோம், நோய் போய்விட்டது. அணைத்தோம், வந்துவிட்டது. வைத்தியரைப் பார்த்ததும் நின்றுவிடும் பல்வலி கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே எங்கள் வைத்தியமே வலியை மறைத்திருக்கிறது!

பிறகு தேட வேண்டியதில்லை. சிப்பின் கையேட்டை எடுத்தேன். இணைப்பு ஒரு தடவை விழுந்தால், அந்த விழுந்த சேதியை யாராவது வந்து கேட்கும்வரை சிப் பிடித்து வைத்திருக்கும். இணைப்பு மறுபடி எழுந்தாலும், எழுந்த பின் வரும் முதல் கேள்விக்குப் பழைய கதையைத்தான் சொல்லும். இரண்டாம் முறை கேட்டால்தான் இப்போதைய நிலவரம் வரும். எங்கள் டிரைவர், இணைப்பு மாறும்போது ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, கிடைத்த பதிலை நம்பி உட்கார்ந்துவிடுகிறது. சோதனை நிரல் ஓடும்போது முதல் கேள்வியை அது கேட்டுவிடுவதால், டிரைவர் கேட்பது இரண்டாவதாகி உண்மை வந்திருக்கிறது.

பழைய நிரலைப் புரட்டினோம். அதில் ஒரே வரி அடுத்தடுத்து இரண்டு தடவை இருந்தது. ஒன்றை யார் பெருக்கியிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? துடைப்பத்தின் காது சிவந்துவிட்டது.

"பாக்க அச்சு அசல் ஒண்ணா இருந்துச்சு. ஒரே கேள்வியை ரெண்டு தடவை கேட்டா ரெண்டு பதிலா வரும்னு யாருக்குத் தெரியும்?"

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவனே அந்த வரியைத் திரும்ப வைத்து, பக்கத்தில் குறிப்பும் எழுதினான்: "இதைத் துடைக்காதே. துடைப்பம்."

வீட்டில் சாப்பிடும்போது இதைக் கணவரிடம் சொன்னேன். அவருக்குப் புரையேறிவிட்டது.

"ரெண்டு பதில் வருமானு கேட்டானா? எங்க வீட்டுக்கு வரச் சொல்லு. எங்க ஆளுங்க முதல்ல எதுக்காவது சரின்னு சொல்லி நீ கேட்டிருக்கியா?"

நானும் சிரித்தேன். என் பிறந்த வீட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம். கரண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுவோம். இவர்கள் வீட்டில் பந்தி முடிய ஏன் அவ்வளவு நேரமாகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சனிக்கிழமை காலை புது டிரைவரோடு பொரிப்பகத்துக்குப் போனேன். லேப்டாப்பை அணைத்துப் பையில் போட்டுவிட்டுத்தான் கேபிளைப் பிடுங்கினேன். "இல்லை." குத்தினேன். "இருக்கிறது." அக்காவையும் செய்யச் சொன்னேன். குழந்தை மாதிரி விடாமல் பிடுங்கிக் குத்திப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பெட்டி உள்ளதை உள்ளபடி சொன்னது.

"அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"இனிமே என்ன, சாயங்காலம் எங்ககூட கிளம்புங்க."

"வேணாம்மா, நீங்க போயிட்டு வாங்க."

அதே பதில், அதே குரல். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பாடுபட்டது எதற்கு? பையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். பின்னாலிருந்த புடவை என் தோளில் உரசியது. அப்போதுதான் கவனித்தேன். ஹேங்கரில் புடவைக்கு உள்ளே ஜாக்கெட்டும் இருந்தது. முந்தானை மடிப்பு எடுத்து ஊக்கு குத்தித் தயாராக இருந்தது. இஸ்திரிக் கடையில் யாரும் முந்தானைக்கு ஊக்கு குத்தி அனுப்புவதில்லை. போன தடவை நான் வந்தபோதிலிருந்தே அது இங்கே தொங்குகிறது.

பையைக் கீழே வைத்தேன்.

"அக்கா, எங்ககூட வர்றீங்களா?"

அவர் இன்குபேட்டரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"கார்ல இடம் இருக்குமா?"

"முன் சீட்டே உங்களுக்குத்தான்" என்றேன்.

பக்கத்துத் தீவனக் கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். அரங்கத்தில் மூன்றாவது வரிசை. மகள் மேடைக்கு வந்ததும் முதலில் எங்கள் வரிசையைத்தான் தேடினாள். அம்மாவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், அக்காவும் பார்த்தார். பாட்டு பாதியில் இருக்கும்போது அக்காவின் மடியில் போன் அதிர்ந்தது. "இணைப்பு இல்லை." அக்கா பாதி எழுந்துவிட்டார். பொரிப்பகப் பக்கம் மின்சாரம் கண் சிமிட்டியிருக்கவேண்டும்.

போன் மறுபடி அதிர்ந்தது. "இணைப்பு வந்துவிட்டது. சூடு சரி."

அக்கா மெதுவாக உட்கார்ந்தார். போனை அணைக்கவில்லை. என் கையில் திணித்தார்.

"நீயே வச்சுக்கோம்மா" என்று காதில் சொல்லிவிட்டு, மேடையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.