நிறுத்துங்கடா!

உலகத்தார் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய மாபெரும் அறிவிப்பு ஒன்று அன்று முற்பகல் அந்த வீட்டுக் கூடத்தில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் மாமா. ஒரு கையில் போன், மறு கையில் பாதி கடித்த பிஸ்கட்.

"இன்னிக்கு குவாரியில வெடி வைக்க மாட்டாங்க. நான் பேசிட்டேன்."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள், நடுவில் கட்டிலில் கிடந்த அப்பாவைத் தவிர. அவர் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார்.

அப்பாவின் சட்டை மடிப்பை நீவிக்கொண்டிருந்த மகள் கேட்டாள். "மேனேஜர் என்ன சொன்னார் மாமா?"

"போனை எடுக்கல. எடுக்கலன்னா என்ன அர்த்தம்? மௌனம் சம்மதம்."

"உன் பேச்சை உன் வீட்டு நாயே கேக்காது" என்றாள் அம்மா, அழுகைக்கு நடுவில். "குவாரிக்காரன் கேட்டுட்டாலும்!"

"துக்க வீட்டுல நாயை ஏன்க்கா இழுக்கறே? சங்கத் தலைவர்ங்கற மரியாதைக்காவது கேப்பான்."

மாமா குடியிருப்போர் சங்கத் தலைவர். குவாரி தன்னைச் சுற்றி உயரமாகத் தகர வேலி எழுப்பி, அதில் பச்சைப்பசேலென்று ஒரு மலையும் இரண்டு மான்களும் வரைந்து வைத்தபோது ரிப்பன் வெட்டிய பெருந்தகை. நிஜ மலையை லாரியில் ஏற்றிக்கொண்டே படத்து மலைக்குத் திறப்பு விழா நடத்தியவர்களை 'இயற்கைக் காவலர்கள்' என்று மேடையிலேயே பாராட்டினார். அன்றிலிருந்து அப்பா மைத்துனனோடு பேசுவதில்லை. இன்றும் பேசவில்லை.

தினமும் மதியம் குவாரியில் சங்கு ஊதும். அம்மா ஓடிப்போய்க் கண்ணாடி அலமாரியை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொள்வாள். மகள் சுவர்க் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்வாள். அப்பா எதையும் பிடிக்க மாட்டார். ஜன்னலைத் திறந்து, "நிறுத்துங்கடா!" என்று கத்துவார். அவர் கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்ததுபோல வெடி வெடிக்கும். வீடு ஒரு குதி குதிக்கும். புழுதி வந்து சோற்றில் உட்காரும். ஓடை வற்றியது, கிணறு பாதாளத்துக்கு இறங்கியது, குருவிகள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனது எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது. தெருவில் அவருக்குப் பெயரே 'நிறுத்து'. நேற்று எழ முடியவில்லை. மகளிடம் ஜன்னலைத் திறக்கச் சொல்லிப் படுத்தபடியே கத்தினார். பூனைக்குட்டியின் குரல்தான் வந்தது. வெடி வழக்கம்போல வெடித்தது.

இன்று ஒரு மதியம் அவர் படுத்திருக்கும் கட்டில் ஆடாமல் இருக்க வேண்டும். மகளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நேரம் நெருங்கியது. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை ஒத்திவைத்தார்கள். அம்மா அலமாரியை அணைத்தாள். மகள் கடிகாரத்திடம் போகவில்லை. அப்பாவின் தலையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். மாமா, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கதவு நிலையைப் பற்றிக்கொண்டார்.

சங்கு ஊதவில்லை.

கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. அதற்குச் சத்தம் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. யாருடைய வயிறோ உறுமியது. இன்னும் கொஞ்ச நேரம் போனது.

"வெடிக்கலடி!" என்றாள் அம்மா.

"வெடிக்கல!" என்று வாசலில் ஒரு குரல். "நிறுத்து நிறுத்திட்டாரு!" என்று தெருவில் இன்னொன்று. யாரோ கை தட்டினார்கள். துக்க வீடு என்பது நினைவுக்கு வருவதற்குள் தெருவே தட்டிக்கொண்டிருந்தது. மாமா கதவு நிலையை விட்டுவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். "நமக்கெல்லாம் ஒரு போன் போதும்" என்றார்.

அம்மா அலமாரியிலிருந்து கைகளை எடுத்தாள். எடுத்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நின்றாள். பிறகு அப்பாவின் பாதங்களின் மேல் வைத்தாள்.

வண்டி வந்தது. கூட்டத்தின் உற்சாகத்தைப் பார்த்த டிரைவர் தயங்கினார். "அட்ரஸ் மாறி வந்துட்டேனா? சாவு வீடுன்னாங்களே."

"இதேதான்" என்றாள் மகள். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்பா ஜெயிச்சுட்டார். பாத்து ஏத்துங்க."

குவாரி வாசலில் மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். கதவு அகலத் திறந்து கிடந்தது. நாற்காலியிலிருந்து எழுந்த வாட்ச்மேன், வண்டிக்குள் இருப்பது யாரென்று பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"மேனேஜர்கிட்ட என் நன்றியைச் சொல்லிடுங்க" என்றார் மாமா. "நாளைக்கு வழக்கம்போல வெச்சுக்கட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"இனிமே எங்க சார்? நேத்து வெச்சதுதான் கடைசி. மெஷினெல்லாம் ராத்திரியே ஏத்தியாச்சு."

"பாத்தியா!" மாமா பின்பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "ஒரேயடியா நிறுத்த வெச்சுட்டேன்!"

பின்னால் வந்த கூட்டம் மறுபடியும் கை தட்டியது. மகள் அப்பாவின் கையைப் பிடித்தபடி, திறந்திருந்த கதவு வழியே உள்ளே பார்த்தாள்.

மலை தீர்ந்து போயிருந்தது.