கீழ்மதகில் நின்றவர்

கோட்டை ஆற்றின் நடுவே பாறைமேல் நின்றது. இரு கரைகளிலும் ராட்சதர்கள் திரிந்தார்கள். ஒவ்வொருவனும் கோட்டைச் சுவரில் பாதி உயரம். ஆனால் நீந்தத் தெரியாதவர்கள். ஆழத்தில் கால் வைத்தால் தங்கள் பாரத்தாலேயே சேற்றில் புதைந்துபோவார்கள். அந்த ஒரு தைரியத்தில்தான் ஊரூராக ஓடிவந்த ஜனங்கள் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

சின்னவளுக்கு நீர்வாசலில் வேலை. வருகிற படகை நீளக் கொக்கிக்கழியால் பிடித்து இழுத்துப் படியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அவளுடைய ஓரகத்தி பெரியவளுக்குச் சமையற்கூடத்தில் கஞ்சி காய்ச்சும் வேலை. ஊரில் இருந்தபோது துணி காயப்போடும் கொடிக்காகக்கூட மல்லுக்கு நின்றவர்கள் இருவரும். இங்கே கிடங்குக்குப் பக்கத்து அறையில் ஒரே போர்வை. பெரியவள் குறட்டை விடுவாள். சின்னவள் தூக்கத்தில் போர்வையை மொத்தமாகச் சுருட்டிக்கொள்வாள். காலையில் அதற்கொரு சண்டை வரும். இருந்தாலும் ஒருத்தி சாப்பிடாமல் மற்றவள் கஞ்சியில் கை வைக்கமாட்டாள்.

இருவரையும் அப்படிக் கட்டிப்போட்டது கீழ்மதகு. ஆற்று நீரைத் தேக்கி வைத்திருந்த மதகு அது. அண்ணன் தம்பியான இவர்கள் புருஷன்மார் இருவரும் அங்கே காவல் இருந்தார்கள். போன மாதம் ராட்சதர்கள் மதகை உடைத்துவிட்டார்கள். காவலில் இருந்த இருவருமே செத்துப்போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. ராட்சதர்கள் முழங்கால் நனையாமலே பாதி ஆற்றுக்கு வந்து நின்று பார்த்தார்கள்.

ஒரு நாள் பிற்பகலில் ஒரு படகு வந்தது. அதில் கிழவர்களும் பிள்ளைகளுமாக ஒருவர் மடியில் ஒருவர். பின்னாலேயே ஒரு ராட்சதன் முழங்காலளவு தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு வந்தான். சுவரிலிருந்து கவண்கள் கல்லை எறிந்தன. ஒரு கல் நெற்றியில் பட்டு அவன் தடுமாறிய இடைவெளியில் சின்னவள் கொக்கியை வீசிப் படகைப் பிடித்தாள். துடுப்பைப் போட்டுவிட்டு நிமிர்ந்தவன் அவள் புருஷன்.

கழி கையிலிருந்து நழுவப் பார்த்தது. இறுக்கிப் பிடித்தாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் படியில் விட்டாள். கடைசியில்தான் அவனைப் பார்த்தாள்.

"நீ உசுரோட இருக்கியா?" என்றாள்.

செய்தி கோட்டைத் தளபதிக்குப் போயிற்று. காவலை விட்டு ஓடியவனுக்குக் கோட்டையில் இடமில்லை; அவனைத் திரும்பக் கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. பெரியவளும் கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றாள்.

"அண்ணன்தான் போகச் சொன்னாரு," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் பாத்துக்கறேன், நீ போய் ஊர்ல இருக்கறவங்களைக் கூட்டிட்டுப் போன்னாரு."

சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. புருஷன் பொய் சொல்லும்போது அவன் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிடும். பத்து வருஷமாகக் கேட்கிற குரல்.

தளபதி பெரியவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க? போனது உங்க வீட்டுக்காரர்."

பெரியவள் கொழுந்தனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். "சொல்லியிருப்பாரு," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சின்னவள் பின்னாலேயே ஓடினாள். பெரியவள் அடிப்பிடித்த கஞ்சியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவரு சொன்னது..."

"பொய். எனக்குத் தெரியாதா?" கரண்டி நிற்கவில்லை. "என் புருஷன் யாரையும் போன்னு சொல்ற ஆளா? கொல்லைக்குப் போகணும்னாக்கூட என்னை எழுப்பித் துணைக்கு நிக்க வெப்பாரு. ஊரே அவரை வீரன்னு சொல்லும். எனக்குச் சிரிப்பா வரும்."

அவள் சிரிக்கவும் செய்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"அப்புறம் ஏங்கா அப்படிச் சொன்னீங்க?"

"உண்மையச் சொன்னா அவனைக் கரையில விட்டுடுவாங்க. நீயும் கூடவே போயிடுவே. எனக்கு யார்டி இருக்கா?"

சின்னவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். புருஷன் உயிரோடு வந்துவிட்டான் என்ற சந்தோஷம் அவளுக்குள் இல்லாமலில்லை. அதைச் சந்தோஷம் என்று சொல்லவே கூசியது. நீர்வாசலுக்குத் திரும்பியபோது அவன் படகில் புகுந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான்.

"அக்காவுக்குத் தெரியும்," என்றாள்.

அவன் கை நின்றது.

"நீ சாவணும்னு நான் சொல்லல. ஆனா அவங்க உனக்காகப் பொய் சொல்லிட்டு, அடுத்த வேளை உனக்கே கஞ்சி ஊத்தணும். அதை என்னால பாத்துட்டு இருக்க முடியாது."

அவன் வாளியை வைத்துவிட்டுப் படியேறித் தளபதியிடம் உண்மையைச் சொல்லப் போனான். அவள் கூடப் போகவில்லை. கரையில் விட்டால் தானும் போவதா இல்லையா என்று அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

அதற்கு அவசியமும் வரவில்லை. ராட்சதர்களுக்குத் தூக்கிக் கொடுக்கத் தன்னிடம் ஆள் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார் தளபதி. கரையில் ஒளிந்திருந்த ஜனங்களை அழைத்துவர யாரும் போக முன்வரவில்லை. இனி போகிற ஒவ்வொரு படகிலும் முதல் துடுப்பு இவனுடையது என்று முடிவாயிற்று.

போனான். வந்தான். ஒரு தரம் தோள் கிழிந்து வந்தான். இன்னொரு தரம் வெறும் படகோடு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். உண்மை தெரிந்தபின் யாரும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கிடங்குப் பக்கத்து அறைக்கும் அவன் வரவில்லை, படியிலேயே படுத்துக்கொண்டான். பெரியவள் அவன் கிண்ணத்தை நிரப்பிச் சின்னவளிடம் நீட்டுவாள். தன் கையால் அவனுக்குக் கொடுக்கமாட்டாள். ஆனால் ஒரு வேளைகூட அளவு குறைந்ததில்லை.

மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு ஒரே இரவில் ஏறியது. நடு ஆற்றில் நின்றிருந்த ராட்சதர்கள் பெயர்ந்த மரங்கள்போலப் புரண்டு போனார்கள். மற்றவர்கள் கரையைவிட்டுக் காட்டுக்குள் பின்வாங்கினார்கள். வெள்ளம் வடிந்ததும் ஜனங்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள்.

பெரியவள் மட்டும் கட்டவில்லை. "மதகுக்குப் போகணும்," என்றாள்.

அங்கே போக வழி தெரிந்தவன் ஒருவன்தான். படகில் மூவரும் போனார்கள். மதகின் கதவுகள் பிளந்து கிடந்தன. மேல்மேடையில் சரிந்த கற்களுக்கடியில் ஒரு தோல் செருப்பு வெளியே தெரிந்தது. பெரியவள் அதைத் தொடவில்லை.

"ரெண்டு பேரும் எங்க நின்னீங்க?" என்று கொழுந்தனைக் கேட்டாள். அவன் வந்தபின் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"அண்ணன் இங்க. நான் அந்த ஓரத்துல, அண்ணி."

"நீ ஓடறப்ப உன்னைக் கூப்பிட்டாரா?"

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கூப்பிட்டாரு."

"என்னன்னு?"

"தம்பின்னு." அவன் குரல் தடித்திருந்தது. சின்னப்பிள்ளைக் குரல் இல்லை. "ரெண்டு தரம்."

பெரியவள் அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். கீழே தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. அவன் நகரவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வெயில் கற்களில் ஏறி இறங்கியது.

கடைசியில் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கல்லைப் புரட்டு," என்றாள் அவனிடம். "பாத்து. அவரு மேல விழுந்துடப் போவுது."

அவன் குனிந்து ஒரு முனையைப் பிடித்தான். சின்னவள் மறுமுனைக்கு வந்தாள்.