எதிர்ப்பக்கத்து இலைகள்

"எந்த வயசுப் புள்ளைக்குங்க?" என்று தேரடி வீதிக் கடைக்காரப் பெண் கேட்டதும் பரசுராமனுக்கு முகம் சுருங்கிப்போனது. நாற்பத்தேழு வயது ஆட்டோக்காரன், காக்கிச் சட்டையோடு வந்து நின்றுகொண்டு, வண்ணம் தீட்டுகிற புத்தகம் எனக்குத்தான் என்று எந்த வாயால் சொல்வது?

அந்த வாய்தான் சிக்கலே. உள்கன்னத்தில் வெள்ளையாகப் படலம் கட்டியிருந்தது. "இத்தோட புகையிலைய விட்டா பொழைச்சிக்குவீங்க. இல்லேன்னா கேன்சர்தான்" என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். விட்டான்தான். ஆனால் கை கேட்கவில்லை. சிக்னலில் நின்றால் சட்டைப்பைக்குப் போகிறது, சவாரி இறங்கினால் சட்டைப்பைக்குப் போகிறது. ஆசிரமத்துப் பக்கம் ஏற்றிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, நெரிசலில் வண்டி நின்ற நேரமெல்லாம் பதறாமல் மடியில் புத்தகத்தை வைத்து நிறம் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவனுக்கு இந்த யோசனையே வந்தது.

"பெரிய புள்ளதாங்க. இலை ஜாஸ்தியா இருக்கிறதா பாத்துக் குடுங்க" என்றான்.

பூ, மயில், வட்டக்கோலம் என்று அவள் எடுத்துப்போட்டதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும் போலிருந்தது. தேவதைக் கதைப் புத்தகத்தில் ஒரு படம் அவனைப் பிடித்து நிறுத்தியது. நடுவில் மலை, மலைமேல் மாளிகை, ஜன்னலில் இளவரசி. மலையைச் சுற்றி அடர்ந்த காடு. அரிசி அளவுதான் ஒவ்வொரு இலையும். ஸ்கெட்ச் பேனா பின்பக்கம் ஊறிவிடும் என்று அவள் சொன்னதால் கலர் பென்சில் வாங்கிக்கொண்டான்.

மலையைக் கண்டால் எப்படிச் சுற்றுவது என்று கிரிவலம் போகிற இந்த ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாளிகை வாசலுக்கு நேர் கீழே தொடங்கி வலமாகப் போனான். வாய் நமநமக்கும்போதெல்லாம் இரண்டு இலை, மூன்று இலை. ஒன்றை விட்டு அடுத்ததற்குத் தாவமாட்டான். ஒரு சுற்று முடிந்தால் புகையிலை தன்னை விட்டுப் போய்விட வேண்டும் என்று அவனாகவே அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டிருந்தான். ஆட்டோ ஸ்டாண்டில் கூட வண்டி ஓட்டுகிற சக்கரவர்த்தி, "இன்னாண்ணே, இளவரசிக்கு ஜாக்கெட் தச்சாச்சா?" என்று கிண்டலடிப்பான். அடிக்கட்டும். காடுதான் குறையவே மாட்டேன் என்றது. தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை, பின்னால் ஹாரன் அடித்தவனிடமெல்லாம் சண்டை.

ஒரு மத்தியானம் சவாரியே கிடைக்காமல் வெறுத்துப்போய் வீட்டுக்கு வந்தான். காலையில் அவன் மறந்து வைத்துவிட்டுப் போன புத்தகத்தின்மேல் மனைவி மணியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து குனிந்திருந்தாள். அவன் தொடங்கிய அதே இடத்திலிருந்து எதிர்ப்பக்கமாக, இடமாக, இலைகள் வரிசையாகப் பச்சையாகியிருந்தன.

"இன்னா வேலை பண்ணி வச்சிருக்க! மலைய யாராவது இடமா சுத்துவாங்களா? போச்சு, எல்லாம் போச்சு!"

"படத்துல இன்னாய்யா வலம் இடம்..."

அவள் முடிப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டான். தனக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது என்று அவனுக்கே தெரிந்திருந்தது. அதனாலேயே நடை இன்னும் வேகமாயிற்று.

பெட்டிக்கடையில் அவன் வாய்திறந்து கேட்கவே இல்லை. முகத்தைப் பார்த்ததுமே அப்பாசாமி மிட்டாய் டப்பாவுக்குப் பின்னாலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினான். பரசுராமன் பல்லால் கிழித்து அப்படியே கன்னத்தில் அதக்கினான். சுரீரென்று எரிந்தது. எரிச்சலோடு சேர்ந்து ஒரு நிம்மதியும் வந்தது. அதுதான் அவனுக்குக் கேவலமாக இருந்தது.

திரும்பினால் மணியம்மாள். பின்னாலேயே ஓடிவந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது. காறித் துப்பப்போகிறாள் என்று நினைத்தான்.

"நீ ஒருத்தனா சுத்தி முடிக்கிற வரைக்கும் உன்னால தாங்க முடியாதுன்னு எனக்குத் தெரியும்யா. தூக்கத்துல கூட பல்லைக் கடிக்கிற. நான் எதிர்ல வந்தா பாதியிலயே உன்னைப் புடிச்சிக்கலாம்னு பாத்தேன்." குரல் உடைந்தது. "நீயே போயிட்டா, அப்பறம் நான் எந்தப் பக்கம் சுத்தி இன்னாய்யா?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரசுராமன் சாக்கடை ஓரம் குனிந்தான். விரலை விட்டு வழித்து வழித்துத் துப்பினான். அப்பாசாமியிடமிருந்து தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி அவள்தான் அவன் வாயில் ஊற்றினாள். கொப்பளித்தான். கண்ணிலிருந்தும் வழிந்தது.

"இன்னும் ஊத்து, மணி" என்றான்.