சடையனின் மூன்றாவது கால்

1933ஆம் வருஷம் ஆவணி மாதம், வெண்ணந்தூர் நெசவாளி சடையனின் மூன்றாவது கால் வீட்டை விட்டுக் கிளம்பி, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. ஏரியில் அப்போது பாதித் தண்ணீர் இருந்தது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள், முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட ஒரு மண் கால் தத்தித் தத்திப் போவதைப் பார்த்தார்கள். கால் சேற்றில் இறங்காமல் மேட்டிலேயே போனதாகவும் சொன்னார்கள்.

அந்த வருஷம் தை மாதத்தில், ராசிபுரம் சந்தைக்குப் போன மாட்டுவண்டி குடைசாய்ந்து சடையனின் வலது கால் நசுங்கியது. கட்டுப் போட்டும் எலும்பு கூடவில்லை. கால் சூம்பி, கிள்ளினாலும் தெரியாத மரக்கட்டையாயிற்று. குழித்தறியில் மிதிக்க இரண்டு காலும் வேண்டும் என்பதால் மனைவி ஆத்தாயி தறியில் இறங்கினாள். இருபத்தைந்து வருஷம் தறியில் நாடா தள்ளிய சடையனின் கைகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாயைப் பிய்த்தன, கயிற்றுக் கட்டிலை அவிழ்த்துப் பின்னின, சோறு தின்னும்போதே சுவரைச் சுரண்டின. சுவர் பூச வைத்திருந்த ஏரிக் களிமண்ணை ஆத்தாயி ஒரு கூடை கொண்டுவந்து அவன் முன்னால் கொட்டி, “இதையாவது பிசைஞ்சுக்கிட்டு இருங்க” என்றாள்.

முதலில் ஒரு கத்தரிக்காய் செய்தான். காய்ந்ததும் இரண்டாக வெடித்தது. பிறகு ஒரு யானை. உடம்பின் பாரம் தாங்காமல் அது உட்கார்ந்துவிட்டது, காதுகள் மறுநாளே உதிர்ந்தன. சட்டி விற்க வந்த பொன்னாத்தாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “ஏனுங்க, வெறுங் களியில செஞ்சா வெடிக்காம என்ன பண்ணும்? சலிச்ச மணலு கொஞ்சம் போடுங்க. ஒட்டற எடத்தைக் கீறி, மண்ணுக் கொழம்பைத் தடவி ஒட்டுங்க. ஈரச்சாக்கைப் போர்த்தி நெழல்ல காய வைங்க” என்று போகிற போக்கில் சொல்லிப் போனாள். அவள் வீட்டில் சக்கரமும் சூளையும் இருந்தன.

அவ்வளவையும் கேட்டு, சடையன் தனக்கு ஒரு வலது கால் செய்ய உட்கார்ந்தான். பார்த்துச் செய்ய அவனிடம் நல்ல கால் ஒன்றுதான் இருந்தது, அது இடது. கணுக்கால் மொட்டு, நரம்பு, சுண்டுவிரலின் கோணல் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து முடித்தபோதுதான், தான் செய்திருப்பது இன்னொரு இடது கால் என்று தெரிந்தது. ஒன்பதாம் நாள் ஈரச்சாக்கை விலக்கினார்கள். கால் எழுந்து வாசலைத் தாண்டியது.

அது போன நேரமெல்லாம் சடையனின் சூம்பிய காலில் உணர்வு வந்தது. ஏரிக்கரைப் புல், வண்டித்தடத்துப் புழுதி, பாறைச் சூடு எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தன. மரக்கட்டையாகக் கிடந்த பாதத்தில் ஒருநாள் முள் தைத்த புள்ளி தெரிந்து இரத்தம் கசிந்தது. சடையன் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். இடது கால் ஆகையால் அது எப்போதும் இடப்பக்கமே ஒடித்துப் போனது, அதனால் வட்டமடித்து வீட்டுக்கே வந்து சேர்ந்தது. ஆனால் ஒவ்வொரு வட்டமும் முந்தியதைவிடப் பெரிதாயிருந்தது.

ஆத்தாயிக்கு அது பிடிக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே புருஷனின் முகம் எங்கோ போய்விடுகிறது என்றாள். “ஊட்டுல குந்தியிருக்கறது அத்தனை கசக்குதுங்களா?”

“நானெங்க புள்ள போனேன்? காலுதான போவுது.”

“மழை வரட்டும். கரைஞ்சு போனா நிம்மதி” என்று சொல்லிவிட்டு அவள் தறியை ஓங்கி மிதித்தாள். இழை அறுந்தது.

ஐப்பசியில் தூறல் விழுந்தது. கால் அப்போது அத்தனூர்ப் பக்கம் இருந்தது. சடையன் திடுக்கிட்டு, “சுண்டுவிரலு போயிருச்சு” என்று சொல்லி, சின்னப்பிள்ளை போல அழுதான். வண்டி சாய்ந்து கால் நசுங்கியபோதுகூட அவன் அழுததில்லை. கால் மாலையில் நான்கு விரல்களோடு வாசலில் வந்து நின்றது. ஆத்தாயி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் துடைத்து, கைக்குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு பொன்னாத்தாள் வீட்டுக்கு நடந்தாள்.

“சுட்டாத்தான் மழைக்குத் தாங்கும். ஆனா சூளைச் சூடு அவருக்கும் தெரியுமேக்கா” என்றாள் பொன்னாத்தாள்.

ஆத்தாயி திரும்பிப் போய்ப் புருஷனைக் கேட்டாள். அவன் வெகுநேரம் யோசிக்கவில்லை. “வெக்கச் சொல்லு” என்றான்.

வெயில் காய்ந்த ஒரு வாரம் மண் காலை உலர்த்தி, விடியலில் சூளை மூட்டினார்கள். பொழுது சாயும்வரை சடையன் துணியைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்தான். ஆத்தாயி குடம் குடமாகத் தண்ணீரை அவன் காலில் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் ஆவியாகி ஓட்டுக்கூரையில் முட்டியது. பதினேழாவது குடத்தில் அவன் மயங்கினான். கண் விழித்தபோது அவனுடைய சூம்பிய பாதம் செங்கல் நிறமாகியிருந்தது, அந்த நிறம் பிறகு மாறவில்லை. சூளையைப் பிரித்ததும் கால் வெளியே குதித்து, கணீரென்று சத்தம் கேட்க ராசிபுரம் ரோட்டைப் பிடித்தது.

அதன் பின் மழை அதை ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வருஷம் நாமக்கல் பாறையைச் சுற்றிவந்தது. முப்பத்தாறில் மோகனூரில் காவிரியைத் தாண்டியது. உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பு வைத்து ஓடிய பஸ்கள் அது சாலையைக் கடக்கும்வரை நின்று போயின. ஜன்னலோரம் இருந்தவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள். சடையன் மண் பிசைவதை விடவில்லை. அவன் செய்த மாடுகளும் குதிரைகளும் வரவரத் திருத்தமாக அமைந்தன. ஒன்றும் எழுந்து நடக்கவில்லை.

1943ஆம் வருஷம் தை மாதம் ஒரு பகலில், அவன் பிசைவதை நிறுத்திவிட்டு, “ஆத்தாயி, இங்க வா” என்றான். அவள் தறிக்குழியிலிருந்து ஏறி வந்தாள். ராசிபுரத்தையும் சேலத்தையும் தவிர அவள் எந்த ஊரையும் பார்த்ததில்லை. செங்கல் நிறப் பாதத்தின் அடியில் கையைக் கொடுக்கச் சொன்னான். கொடுத்தாள். குளிர்ச்சியாக எதுவோ வந்து மணிக்கட்டுவரை ஏறி நின்றது; பிறகு உள்ளங்கைக்கு அடியில் மணல் சரசரவென்று சரிந்து ஓடியது. அவள் கையை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். ஈரம் இல்லை. மறுபடியும் வைத்தாள்.

“ஏனுங்க, இதுதானுங்களா கடலு?”

“அப்படித்தான் இருக்கோணும்.”

“இன்னுங் கொஞ்சம் உள்ள போவட்டுங்க” என்றாள் ஆத்தாயி.

கால் இடப்பக்கம் திரும்பிக் கரையேறும்வரை அவள் கையை எடுக்கவில்லை. அன்று அவர்கள் வீட்டில் அடுப்பு மூட்ட நேரமாகிவிட்டது.