அவருக்கும் சேர்த்துத் தூங்குகிறேன்

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். அவருடைய தூக்கத்தை நான் தூங்குகிறேன்.

சங்ககிரியில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் ஏற்பாடு. லாரி ஆபீஸில் சம்பளம் நடைக்கு இவ்வளவு என்று. ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு இந்தூர் போய், நாசிக்கில் வெங்காயம் ஏற்றித் திரும்பி வந்தால் ஒரு நடை. வண்டி ஓடினால் காசு, நின்றால் இல்லை. மில் வாசலில் லோடுக்காக இரண்டு நாள் காத்துக் கிடந்தால் அது டிரைவருடைய சொந்தப் பொழுதுபோக்கு. தூங்குவதற்கும் வண்டியை நிறுத்தத்தானே வேண்டும்? அதனால் அந்த வேலையை வீட்டில் இருக்கிற நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

வேலைக்குச் சேர்க்கும்போது ஆபீஸில் முதலில் லைசென்ஸைப் பார்ப்பார்கள். அடுத்த கேள்வி, "வீட்ல தூங்க ஆளிருக்குதா?" என்பதுதான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் பாட்டுப் பாடச் சொல்லவில்லை. கேசரி சாப்பிட்டு முடித்ததும் என் மாமியார் நடு வீட்டில் ஒரு பாயை விரித்து, "செத்த நேரம் படுத்துக் காட்டு கண்ணு" என்றார். பதினான்கு பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்க நான் கால் மணி நேரம் தூங்கினேன். வாய் பிளக்கவில்லை, குறட்டை இல்லை, ஒரு தடவைகூடப் புரளவில்லை. "லட்சணமான தூக்கம்" என்று அங்கேயே பூ வைத்துவிட்டார்கள். மற்ற தெருவில் தூங்குமூஞ்சி என்றால் சண்டைக்கு வருவார்கள். எங்கள் தெருவில் அது பட்டம்.

அவர் பெயர் செங்கோட்டுவேல். என் பெயர் பரிமளா. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தினமும் எட்டு மணி நேரம் அவருக்கு, ஏழு மணி நேரம் எனக்கு. இதற்கு ஒரு முறை இருக்கிறது. அவருடைய சட்டை ஒன்றை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு கிழக்கே தலை வைத்துப் படுத்தால் அது அவர் தூக்கம். அது முடிந்ததும் எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து, சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, தெற்கே தலை மாற்றிப் படுத்தால் என்னுடையது. புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்கள் சட்டையை எடுக்க மறந்துவிட்டு, என்ன தூங்கினாலும் அலுப்பாகவே இருக்கிறது என்று வந்து நிற்பார்கள். அட மண்டூகமே, சட்டை எங்கே என்று கேட்டு அனுப்பி வைப்பேன்.

போன் பண்ணும்போதெல்லாம் அவர் மறக்காமல் சொல்வார். "நேத்து என்ன புள்ள, தூக்கமெல்லாம் பிரமாதமா இருந்துச்சு. ஹைதராபாத் வரைக்கும் கண்ணு பளிச்சுன்னு இருந்துச்சு போ."

"சும்மா இருங்க" என்பேன். ஆனாலும் அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு ஒரு மணி நேரம் கூடத் தூங்குவேன்.

வடக்கே போகிற டிரைவர்கள் பெண்டாட்டிக்குச் சேலை வாங்கி வருவார்களாம். இவர் தலையணை வாங்கி வருவார். வீட்டில் பதினெட்டுத் தலையணை இருக்கிறது. கோபித்துக்கொண்டால், "உனக்குக் கழுத்து வலிக்கக் கூடாதல்லொ" என்பார். அந்த மனுசனிடம் எப்படிச் சண்டை போடுவது?

போன சித்திரையில் ஆபீஸில் புது விதி வந்தது. மேனேஜர் அர்த்தநாரி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். இந்தூருக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டது இனிமேல் மூன்று நாள். மூன்று நாளில் போனால் நடைச் சம்பளத்தில் பாதி கூடுதல். நான்காவது நாள் ஆனால் கால் பங்கு பிடித்தம். மில் வாசலில் நிற்கிற நேரம் வழக்கம்போல டிரைவர் பாடு. அங்கே ஒன்றரை நாள் நின்றால், அந்த ஒன்றரை நாளை ரோட்டில்தான் பிடிக்க வேண்டும்.

ரோட்டில் நேரத்தைப் பிடிக்கிறவருக்குத் தூக்கமும் அதிகமாக வேண்டும். எட்டு மணி நேரம் பதினான்கு ஆனது. என்னுடைய ஏழையும் சேர்த்தால் இருபத்தொன்று. மிச்சமிருக்கிற மூன்று மணி நேரத்தில் குளித்து, சமைத்து, துவைத்து, ரேஷன் கடைக்குப் போய் வந்தேன். பக்கத்து வீட்டு ரங்கநாயகி அக்காவின் வீட்டுக்காரர் கண் மங்கி வண்டியை விட்டு இறங்கிவிட்டார். அக்காவுக்குத் தூக்கம் மிச்சம். பாவம் பார்த்து, செங்கோட்டுவேலின் சட்டையை வாங்கிப் போய் இரண்டு மணி நேரம் தூங்கிக் கொடுத்தார். நல்ல மனசு. ஆனால் அக்காவுக்கு முட்டிவலி. அன்றைக்கு ரோட்டில் பிரேக் மிதிக்க என் வீட்டுக்காரருக்குக் கால் மடங்கவில்லை. "வேண்டாம் புள்ள, உன் தூக்கமே போதும்" என்றார். அதோடு அதை விட்டோம்.

வேறு வழியில்லாமல் என்னுடையதைக் குறைத்தேன். ஏழு ஐந்தானது, ஐந்து மூன்றானது. குறைத்ததையெல்லாம் அவர் கணக்கில் சேர்த்தேன். பிறகு சமைப்பதையும் விட்டேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவை எதையாவது வாயில் போட்டுக்கொண்டு படுப்பேன்.

வைகாசியில் ஒரு புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணி. அவர் வெங்காய லோடோடு தொப்பூர் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தார். நான் அவர் சட்டையில் தலை வைத்து நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். பசி என்னை எழுப்பிவிட்டது. திரும்பப் படுக்க எவ்வளவோ பார்த்தேன், வயிறு விடவில்லை. ஒரு நிமிஷம்தானே என்று பழைய சோற்றில் மோரை ஊற்றிச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். நான் வைத்த ஒவ்வொரு வாய்க்கும் அங்கே அவர் கண் ஒரு தடவை செருகியிருக்கிறது. பதினோரு வாய் சாப்பிட்டேன். பதினோராவது வாய்க்கு லாரி தடுப்புச் சுவரில் உரசிக்கொண்டு போனது. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்களே, அது அந்த நேரம் பார்த்து எனக்கு வந்தது. பன்னிரண்டாவது வாயைக் கையில் வைத்துக்கொண்டே சட்டையின் மேல் சாய்ந்து தூங்கிவிட்டேன். அவர் கண் திறந்து வண்டியைப் பிடித்து நிறுத்தினார். சுவர் முடிகிற இடத்தில் முன் சக்கரம் பாதி பள்ளத்தின் மேல் நின்றிருந்தது.

சாயங்காலம் வந்து சேர்ந்தார். லாரியின் இடது பக்கம் முழுக்கக் கீறல். கண்ணாடி இல்லை.

"கொஞ்சம் உரசிருச்சு புள்ள" என்றார். "நீ எந்திரிச்சுட்டயாட்ட இருக்குது."

"பசிச்சுதுங்க" என்றேன்.

"அப்புறம் சாப்பிட்டயா?" என்று கேட்டார்.

செத்துப் பிழைத்து வந்தவர் கேட்கிற கேள்வியா இது! ஓவென்று அழுதுவிட்டேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தலையணையை எடுத்துக் கொடுத்தார். அவரை இழந்துவிட்டு நான் யாருக்காகத் தூங்குவது?

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போனேன். அர்த்தநாரி மரியாதையான மனுசன். சேரைத் துடைத்துப் போட்டு, மோர் வரவழைத்துக் கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மணி, நீங்க பசிச்சு எந்திரிச்சதுக்கு ஆபீஸ் என்னங்க பண்ணும்?" என்றார். "ஒண்ணு வேணா பண்ணலாம். உங்களுக்குப் பதிலா சாப்பிட ஒரு ஆள் வெச்சுத் தர்றோம். நம்ம கேஷியரோட மச்சினன் சும்மாதான் இருக்கறாரு. நல்லாச் சாப்பிடுவாரு."

கேஷியரின் மச்சினன் அங்கேதான் இருந்தார். எழுந்து வணக்கம் சொன்னார். ஒல்லியாக இருந்தார், ஆனால் கைகள் நல்ல நீளம்.

"எனக்குப் பசிக்கறதை இவர் சாப்பிட்டா, இவருக்குப் பசிக்கறதை யாருங்க சாப்பிடறது?" என்றேன். "நடைக்குச் சம்பளம் குடுக்காதீங்க சார். நேரத்துக்குக் குடுங்க. நிக்கற நேரத்துக்கும் சேர்த்துக் குடுங்க. அவரு தூக்கத்தை அவரே தூங்கிக்குவாரு."

"நிக்கற வண்டிக்கு யாராச்சும் சம்பளம் குடுப்பாங்களா அம்மணி?"

"நிக்கற வண்டி போயி யார் மேலயும் மோதறதில்லீங்க."

முதலாளியிடம் பேசிச் சொல்வதாகச் சொன்னார். பத்து நாள் ஆயிற்று. நல்லாயிருக்குது நியாயம் என்று நினைத்துக்கொண்டேன். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும்.

அடுத்த நடையில் அவர் கர்னூலைத் தாண்டிக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணிக்கு நானே போன் பண்ணினேன்.

"ஏனுங்க, இன்னைக்கு நான் தூங்கப் போறதில்ல. நல்ல நிழலாப் பார்த்து வண்டிய ஓரங்கட்டுங்க."

"ஏம்புள்ள, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கோவமா இருக்கறேன்."

"அப்பச் சரி" என்றார். அவர் அப்படித்தான். வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. கைப்பிரேக் இழுக்கிற சத்தம் கேட்டது. போனை வைப்பதற்குள் தூங்கிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் குறட்டையை நான் கேட்டதே இல்லை. சின்ன மோட்டார் ஓடுகிற மாதிரி இருந்தது. சார்ஜ் தீருகிற வரைக்கும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

தெருவில் மற்றவர்களிடமும் முன்பே பேசி வைத்திருந்தேன். அவரவர் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டு, அவரவர் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு முப்பத்தொரு பேர் ஆபீஸ் படியில் வந்து உட்கார்ந்தோம். டீ குடித்தோம். மாமியார்களைப் பற்றிப் பேசினோம். யாருக்காவது கண் சொக்கினால் ரங்கநாயகி அக்கா தொடையில் கிள்ளினார்; அக்காவுக்கு இதில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை, கிள்ளுவதற்காகவே வந்தார். உள்ளே அர்த்தநாரியின் மேஜையில் நான்கு போனும் விடாமல் அடித்தன. நாக்பூரில் இரண்டு வண்டி, விஜயவாடாவில் ஐந்து, நாசிக் போகிற வழியெல்லாம் புளிய மரத்துக்கு ஒன்று என்று ஆபீஸ் வண்டிகள் அத்தனையும் நின்றன. அத்தனை டிரைவர்களும் தூங்கினார்கள். எழுப்பப் போன லோடு புரோக்கர்கள், அவர்கள் தூங்குகிற அழகைப் பார்த்துவிட்டு எழுப்ப மனசு வராமல் திரும்பிவிட்டார்களாம்.

மூன்றாம் நாள் அர்த்தநாரி வெளியே வந்து படியில் எங்களோடு உட்கார்ந்தார். மடியில் நோட்டு இருந்தது.

"சாவி வாங்கற நேரத்துல இருந்து சாவி குடுக்கற நேரம் வரைக்கும், மணிக்கு இவ்வளவு. மில் வாசல்ல நிக்கறதும் சேர்த்தி" என்று எழுதினார். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தூங்கற நேரத்துக்கு மட்டும் எப்படீங்க அம்மணி சம்பளம் போடறது?" என்றார்.

"பதினோரு வருசம் நான் சும்மாதான் சார் தூங்கியிருக்கறேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அதையும் எழுதினார். கேஷியரின் மச்சினன் எங்கள் எல்லோருக்குமாகச் சாப்பிட்டு முடித்து, இலையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த நடை முடிய ஒன்பது நாள் ஆனது. வண்டி தெரு முனையில் திரும்பும்போதே ஓடிப்போய்ச் சுற்றிப் பார்த்தேன். கீறல் இல்லை, நசுங்கல் இல்லை. அவர் முகத்தில் முதல்முறையாகப் பாயின் தடம் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, பார்க்கட்டும்.

அன்றைக்குச் சுடுசோறும் தட்டைப்பயறுக் குழம்பும் வைத்து இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். அவர் தூக்கத்துக்கு அவரும் என் தூக்கத்துக்கு நானும் படுத்தோம். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நாங்கள் ஒரே நேரத்தில் தூங்கியது அதுதான் முதல் தடவை. அவர் ஏதோ சொல்ல வந்தார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம்.

விடிந்ததும் வாசல் தெளிக்கச் சொம்போடு கதவைத் திறந்தேன். எதிரில் ஒரு சிமெண்ட் லாரியின் பின்புறம் இருந்தது. பின்னால் எட்டிப் பார்த்தால் ஒரு டேங்கர் லாரி. எங்கள் வீடு ஓசூரைத் தாண்டி ஒரு சோதனைச் சாவடி வரிசையில் நின்றிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்கிவிட்டதால், விழித்திருந்து ஓடுகிற வேலையை ராத்திரி வீடே எடுத்துக்கொண்டிருக்கிறது. அவரை எழுப்பினேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, டயரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி நான்கு சுவரையும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார்.

"எங்கியும் உரசல் இல்ல புள்ள. நிதானமாத்தான் வந்திருக்குது" என்றார்.

வரிசை நகர்ந்தது. வீடும் நகர்ந்தது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து ஜன்னலில் தட்டி, "லோடா, காலியா?" என்று கேட்டார்.

அவர் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "லோடுதானுங்க" என்றார்.

தடுப்புக் கம்பு மேலே போனது. வாசலை அடுத்த ஊரில் தெளித்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்திவிட்டு, அடுப்பில் டீ வைத்தேன்.